ட்ரூப்பிங் த கலர்: மூன்று சனிக்கிழமைகளில் எதற்குப் போவது?

கேள்வி: ஜூன் மாதம் லண்டனில் மகள் வீட்டில் இருப்போம். 'ட்ரூப்பிங் த கலர்' அணிவகுப்பை நேரில் பார்க்க ஆசை. டிக்கெட் விவரம் தேடினால் மேஜர் ஜெனரல்ஸ் ரிவ்யூ, கர்னல்ஸ் ரிவ்யூ, கிங்ஸ் பர்த்டே பரேட் என்று மூன்று வருகின்றன. எதைத் தேர்ந்தெடுப்பது? மன்னர் சார்லஸ் பிறந்தது நவம்பரில்தானே? அங்கே எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: மூன்றும் ஒரே அணிவகுப்புதான், அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் ஹார்ஸ் கார்ட்ஸ் மைதானத்தில் நடக்கும். முதல் இரண்டும் முழு உடையில் நடக்கும் ஒத்திகைகள். முதல் ஒத்திகையில் ஹவுஸ்ஹோல்ட் டிவிஷன் என்னும் மன்னரின் காவல் படைப்பிரிவின் மேஜர் ஜெனரல் மரியாதையை ஏற்பார். இரண்டாவதில் அந்த ஆண்டு எந்த ரெஜிமெண்டின் (படைப்பிரிவின்) கொடி வருகிறதோ அதன் கௌரவ கர்னல்; அது பெரும்பாலும் அரச குடும்பத்தவராக இருக்கும். மூன்றாவதற்குத்தான் மன்னர் வருவார். மன்னரைப் பார்த்தே ஆகவேண்டும் என்றால் மூன்றாவது. அணிவகுப்பைப் பார்க்க வேண்டும் என்றால் நான் தயங்காமல் கர்னல்ஸ் ரிவ்யூவைச் சொல்வேன். கிட்டத்தட்ட எல்லாமே அதில் உண்டு, இடம் கிடைக்கும் வாய்ப்பும் அதிகம். டிக்கெட் குலுக்கல் முறையில்தான் தருகிறார்கள். விண்ணப்பம் ஆண்டுத் தொடக்கத்திலேயே திறந்து மூடிவிடும், அதனால் இப்போதே கவனியுங்கள்.

பிறந்தநாள் விஷயம் இப்படி. அரசரின் பிறந்தநாளோடு இந்த அணிவகுப்பு 1748-லேயே சேர்ந்துவிட்டது. 1760-ல் மூன்றாம் ஜார்ஜ் பதவிக்கு வந்தபின் ஆண்டுதோறும் நடக்கும் வழக்கமானது. ஏழாம் எட்வர்டும் நவம்பரில் பிறந்தவர்தான். குளிரிலும் மழையிலும் அணிவகுப்பு எப்படி நடத்துவது என்று அவர் காலத்தில் கோடைக்கு மாற்றினார்கள். அன்றிலிருந்து பிறந்த தேதி ஒன்று, கொண்டாடும் தேதி ஒன்று.

சரி, எதைக் கவனிப்பது? ஏறத்தாழ 1,400 வீரர்கள், 200 குதிரைகள், 400 இசைக்கலைஞர்கள் மைதானத்தில் இருப்பார்கள். பலர் குதிரைகளையும் கரடித்தோல் தொப்பிகளையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அது பெரிய வருத்தம். நிகழ்ச்சியின் உயிர் ஒரு கொடியில் இருக்கிறது. 'கலர்' என்பது பட்டாலியனின், அதாவது ரெஜிமெண்டுக்குள் உள்ள ஒரு படை அணியின் கொடி. துப்பாக்கிப் புகை சூழ்ந்த பழைய போர்க்களங்களில் சிதறிய வீரன் எங்கே வந்து சேரவேண்டும் என்பதைக் கொடிதான் காட்டும். அவன் அதை அடையாளம் தெரிந்து வைத்திருக்க, வரிசைகளின் முன்னால் மெதுவாகக் கொண்டுபோய்க் காட்டினார்கள். அந்தக் காட்டல்தான் இந்தச் சடங்கு. பிரிட்டிஷ் காலாட்படை கொடியைக் கடைசியாகப் போருக்கு எடுத்துப்போனது 1881-ல், தென்னாப்பிரிக்காவின் லைங்ஸ் நெக்கில். அதற்கப்புறமும் மரியாதை குறையவில்லை. பழையதாகிப்போன கொடியை வீசுவதில்லை, பெரும்பாலும் தேவாலயத்தில் வைத்துவிடுவார்கள்.

ஒவ்வோர் ஆண்டும் ஒரு பட்டாலியனின் கொடிக்குத்தான் இந்த மரியாதை. அந்தப் பட்டாலியனின் வீரர்கள் 'எஸ்கார்ட்' என்ற காவல் அணியாக வலது ஓரத்தில் நிற்பார்கள். ஒற்றை முரசுக்காரர் ஒருவர் தனியாக நடந்து வந்து முரசு தட்டுவார். அந்த நிமிடத்திலிருந்து கண்ணை எடுக்காதீர்கள். எஸ்கார்ட் கொடியை நோக்கி நகரும்போது, எந்த ரெஜிமெண்டின் முறையாக இருந்தாலும் 'தி பிரிட்டிஷ் கிரனேடியர்ஸ்' மெட்டுதான் ஒலிக்கும். ரெஜிமெண்டல் சார்ஜெண்ட் மேஜர் வாளை உருவியபடி போய்க் கொடியை வாங்கி, என்சைன் என்னும் இளம் அதிகாரியிடம் ஒப்படைப்பார். சார்ஜெண்ட் மேஜர் அணிவகுப்பில் வாளை உருவுவது இந்த ஒரு காரியத்துக்கு மட்டும்தான். அப்போது எஸ்கார்ட்டின் நான்கு மூலைகளிலும் நிற்பவர்கள் வெளிப்பக்கமாகத் திரும்பித் துப்பாக்கியை நெஞ்சுக்குக் குறுக்கே பிடிப்பார்கள். கொடி கைமாறும் நேரத்தில் எதிரி வந்துவிடக்கூடாது என்ற பழைய எச்சரிக்கை அது. அதுவரை 'கொடிக்கான எஸ்கார்ட்' என்று இருந்த அணியின் பெயர், கொடி கைக்கு வந்ததும் 'கொடியின் எஸ்கார்ட்' என்று மாறிவிடும். பிறகு மெதுநடையில் மற்ற அணிகளின் வரிசைகளுக்கு ஊடே கொடி போகும். உங்கள் பக்கம் வரும்போது நீங்களும் எழுந்து நில்லுங்கள். அது அங்குள்ள மரபு.

காலாட்படையின் ஐந்து காவல் ரெஜிமெண்டுகளைச் சேர்ந்த செஞ்சட்டைக்காரர்கள் எல்லாரும் ஒன்றுபோலத் தெரிவார்கள். பொத்தான்களைப் பாருங்கள். ஒற்றை ஒற்றையாக இருந்தால் கிரனேடியர், இரண்டிரண்டாக இருந்தால் கோல்ட்ஸ்ட்ரீம், மும்மூன்றாக ஸ்காட்ஸ், நந்நான்காக ஐரிஷ், ஐந்தைந்தாக வெல்ஷ். தூரத்தில் இருந்தால் தொப்பியின் இறகுக் குஞ்சம் உதவும்: கிரனேடியருக்கு இடப்பக்கம் வெள்ளை, கோல்ட்ஸ்ட்ரீமுக்கு வலப்பக்கம் சிவப்பு, ஐரிஷுக்கு வலப்பக்கம் நீலம், வெல்ஷுக்கு இடப்பக்கம் வெள்ளையும் பச்சையும். ஸ்காட்ஸுக்குக் குஞ்சமே கிடையாது. குதிரைப்படையில் சிவப்புச் சட்டையும் வெள்ளைக் குஞ்சமும் லைஃப் கார்ட்ஸ்; நீலச் சட்டையும் சிவப்புக் குஞ்சமும் ப்ளூஸ் அண்ட் ராயல்ஸ்.

பக்கிங்ஹாம் அரண்மனையில் நடக்கும் 'சேஞ்சிங் த கார்ட்' வேறு. அது காவல் முறை மாற்றம், ஆண்டு முழுவதும் நடக்கிறது, டிக்கெட் தேவையில்லை. 'பீட்டிங் ரிட்ரீட்' என்பதும் வேறு, அது ராணுவ இசைக்குழுக்களின் மாலைநேர நிகழ்ச்சி. டெல்லியில் ஜனவரி 29 அன்று விஜய் சௌக்கில் நடப்பதும் அந்த மரபில் வந்ததுதான்.

குலுக்கலில் பெயர் வராவிட்டால் கிங்ஸ் பர்த்டே பரேட் அன்று காலை ஒன்பதுக்கெல்லாம் அரண்மனைக்கும் மைதானத்துக்கும் இடையே உள்ள தி மால் சாலையோரம் போய் இடம் பிடியுங்கள். கொடிச் சடங்கு அங்கிருந்து தெரியாது. ஆனால் பதினொன்றுக்கு முன்னால் மன்னரின் ஊர்வலம் உங்களைக் கடந்துபோகும், அணிவகுப்பு முடிந்து எல்லாப் படைகளும் அதே வழியில் திரும்பும், ஒரு மணியளவில் விமானப்படை விமானங்கள் அரண்மனை மேல் பறக்கும்.