மண்டை ஓட்டை அளந்து என்ன சம்பாதிப்பாள்?

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தில் இந்தக் கேள்வியை அடிக்கோடிட்டே எழுதியிருந்தீர்கள். பிளஸ் டூவில் உயிரியல் பிரிவில் நல்ல மதிப்பெண் எடுத்த பெண், நர்சிங்கும் வேண்டாம், பி.காமும் வேண்டாம், மனிதர்களையும் அவர்கள் சமூகங்களையும் ஆராயும் மானிடவியல்தான் என்று நின்றால் எந்த அப்பாவுக்கும் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். சம்பளத்துக்கு அப்புறம் வருகிறேன். நிஜமாகவே மண்டை ஓட்டை அளந்த ஒரு பெண் இருந்தார், முதலில் அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

ஐராவதி கார்வே. 1905இல் பர்மாவில் பிறந்தவர். அங்கே ஓடும் ஐராவதி ஆற்றின் பெயரையே வைத்தார்கள். வளர்ந்தது புனேயில். இந்தியாவின் முதல் பெண் மானிடவியலாளர் என்று அவரைத்தான் சொல்வார்கள். பம்பாயில் முதுகலை முடித்ததும் பெர்லினுக்குப் போய் ஆய்வு செய்ய ஆசைப்பட்டார். வேண்டாம் என்றவர் யார் தெரியுமா? மாமனார். அதுவும் எப்பேர்ப்பட்ட மாமனார்! விதவையை மணந்து, விதவைகளுக்கு இல்லம் நடத்தி, 1916இல் பெண்களுக்கென்றே பல்கலைக்கழகம் தொடங்கிய தோண்டோ கேசவ் கார்வே. நாட்டுப் பெண்களுக்கெல்லாம் படிப்பு கேட்டவருக்கே சொந்த மருமகளைக் கப்பலேற்ற மனசு வரவில்லை. ஆகவே நீங்கள் தயங்குவதை நான் குறையாக நினைக்கவில்லை. கணவர் தினகர் கடன் வாங்கி அனுப்பிவைத்தார்.

பெர்லினில் அவருக்கு வாய்த்த வழிகாட்டி ஒய்கன் ஃபிஷர். வெள்ளையரே அறிவில் உயர்ந்தவர்கள் என்று நம்பியவர். அவர் கருத்துகள் பின்னால் நாஜிகளுக்கு உதவின. மண்டை ஓட்டின் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒத்துப்போகாத கோணலிலேயே அந்த உயர்வு தெரியும் என்பது அவர் எண்ணம். ஐராவதி 149 மண்டை ஓடுகளை அளந்தார். இனத்துக்கும் கோணலுக்கும் தொடர்பில்லை என்று எழுதிக் கொடுத்தார். முனைவர் பட்டம் தர வேண்டியவரின் கருத்துக்கே மாறாக, அந்நிய ஊரில், இருபத்தைந்து வயதுகூட நிறையாத ஒரு பெண்! 1930இல் பட்டமும் கிடைத்தது. உங்கள் மகள் பிடிவாதக்காரி என்று எழுதியிருந்தீர்களே, இந்தத் துறைக்கு அது தகுதிதான்.

புனேயின் டெக்கான் கல்லூரியில் 1939இல் சேர்ந்து கடைசிவரை அங்கேயே இருந்தார். அந்த ஊரில் முதலில் ஸ்கூட்டர் ஓட்டிய பெண் என்ற பெயரும் அவருக்கு உண்டு. எல்லோரும் இதைத்தான் வியந்து சொல்கிறார்கள். எனக்கென்னவோ ஸ்கூட்டரைவிட 1953இல் வந்த அவருடைய உறவுமுறை ஆய்வுதான் பெரிய விஷயம்.

இந்தியாவை வடக்கு, நடு, தெற்கு, கிழக்கு என்று பிரித்து, எங்கே யார் யாரைக் கட்டுகிறார்கள், எந்த உறவை எந்தச் சொல்லால் கூப்பிடுகிறார்கள் என்று அலசினார். வடக்கே பெண்ணை உறவில்லாத வீட்டுக்கு, வேற்றூருக்குக் கொடுக்கிறார்கள். அங்கே அவள் முக்காடு போட்ட அந்நியப் பெண். தெற்கே அத்தை மகனையோ, மாமன் மகனையோ, தாய்மாமனையோ கட்டுகிறாள். தெரிந்த முகங்களுக்கு நடுவில்தான் வாழப் போகிறாள். நம் பேச்சைப் பாருங்கள்: தாய்மாமனும் மாமா, மாமனாரும் மாமா. நமக்கு இது தினசரிப் பேச்சு. ஐராவதிக்கு அது சான்று. கல்யாணமாகிப் போகிற வீட்டில் ஒரு பெண்ணுக்கு எவ்வளவு இடம் கிடைக்கிறது என்பதை ஆராய்ச்சிக்குரிய கேள்வியாக்கினார். இன்றைய பெண்ணிய ஆய்வுகளுக்கு அவர் விட்டுப்போன சொத்து இதுதான் என்பேன். சொந்தத்தில் கட்டினால் கொடுமை இல்லை என்று மட்டும் இதை வைத்து முடிவுகட்டிவிடாதீர்கள். வழக்கு மன்றங்களுக்குத் தெரியும்.

மகாபாரதப் பாத்திரங்களையும் அவர் இதே கண்ணோடுதான் பார்த்தார். காந்தாரி கண்ணைக் கட்டிக்கொண்டது பதிபக்தியா, குருடனுக்குக் கட்டிவைத்த கோபமா என்று கேட்டார். இப்படி எழுதிய 'யுகாந்தா' என்ற நூலுக்கு 1968இல் சாகித்திய அகாதமி விருது.

சரி, சம்பாத்தியம். மகாராஷ்டிரத்தின் கொய்னா அணைக்காக ஊரை விட்டுப் பெயர்க்கப்பட்டவர்களைப் பற்றியும் ஐராவதி கள ஆய்வு செய்தார். இன்று 2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டப்படி, பெரும்பாலான திட்டங்களுக்கு முதலில் சமூகத் தாக்க மதிப்பீடு, அதாவது அங்குள்ள மக்களின் வாழ்க்கை எப்படிப் பாதிக்கப்படும் என்ற கணிப்பு, செய்தாக வேண்டும். மானிடவியல் படித்தவர்களுக்கு அது ஒரு வேலை. இந்திய மானிடவியல் ஆய்வகம், அருங்காட்சியகங்கள், உதகையில் உள்ள பழங்குடியினர் ஆய்வு மையம், பொதுச் சுகாதாரத் திட்டங்கள், கல்லூரி ஆசிரியர்களுக்கான நெட் தகுதித் தேர்வு எழுதினால் கல்லூரி வேலை. மக்கள் ஒரு பொருளை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று கூடவே இருந்து கவனிக்க, மென்பொருள் நிறுவனங்களும் ஆள் எடுக்கின்றன. ஐ.ஏ.எஸ். போன்ற பணிகளுக்கான யூபிஎஸ்சி முதன்மைத் தேர்வில் இதை விருப்பப் பாடமாக எடுக்கலாம், 500 மதிப்பெண். ஆனால் மறைக்காமல் சொல்கிறேன்: முதல் சில வருடங்கள் நர்சிங் படித்தவளைவிடக் குறைவாகத்தான் சம்பாதிப்பாள். பெரும்பாலும் ஒப்பந்த வேலைதான் கிடைக்கும். இளங்கலையோடு நிறுத்தினால் பிரயோஜனமில்லை.

இளங்கலையிலேயே மானிடவியல் வேண்டுமென்றால் க்யூட் என்ற பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு எழுதி டெல்லிக்குப் போகலாம். அவ்வளவு தூரம் அனுப்ப மனமில்லையா? உள்ளூரில் விலங்கியலோ சமூகவியலோ வரலாறோ படிக்கட்டும்; முதுகலைக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் இருக்கிறது, புதுச்சேரி இருக்கிறது. மூன்று வருடத்தில் அவளுக்கும் தெளிவு வரும், உங்களுக்கும் பயம் குறையும். கள ஆய்வுக்கு ஊர் ஊராய்ப் போவாளே என்பதும் நியாயமான கவலைதான். மாணவர்களை ஆசிரியரோடு குழுவாக அழைத்துப் போவதுதான் வழக்கம். சேரும்முன் துறைக்குப் போய், எங்கே தங்கவைக்கிறார்கள், யார் கூட வருகிறார்கள் என்று நேரில் கேளுங்கள்.

அதற்குமுன் அவளுக்கு ஒரு வேலை கொடுங்கள். இந்த விடுமுறையில் உங்கள் அம்மாவிடம் உட்கார்ந்து, நான்கு தலைமுறைக்கு யார் யாரைக் கட்டினார்கள், எந்த ஊருக்குப் போனார்கள், யாரை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று ஒரு நோட்டில் எழுதட்டும். பாட்டி மழுப்புகிற இடங்களையும் குறித்துக்கொள்ளட்டும். மூன்றாவது நாளே சலித்துப்போனால் பி.காம் பற்றிப் பேசுவோம். நோட்டுப் போதாமல் இன்னொன்று கேட்டால், இரண்டையும் எடுத்துக்கொண்டு இருவரும் வாருங்கள்.