100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) இணைய இணைப்பில் டவுன்லோடு வேகம் 11 எம்பி என்று மட்டும் காட்டுவது ஏன்?

வேகம் குறையவில்லை, அலகுதான் வேறு. இணைப்பின் வேகத்தை மெகாபிட்டில் சொல்கிறார்கள்; டவுன்லோடு சாளரம் மெகாபைட்டில் காட்டுகிறது. ஆங்கிலச் சுருக்கத்தில் சிறிய ‘பி’ என்றால் பிட், பெரிய ‘பி’ என்றால் பைட். குழப்பமெல்லாம் அந்த ஓர் எழுத்தால் வருவது. 8 பிட் சேர்ந்தால் 1 பைட். ஆகவே 100 ÷ 8 = நொடிக்கு 12.5 மெகாபைட் (எம்பி).

மிச்சம் எங்கே போனது? கேபிள் வழி இணைப்பான ஈதர்நெட்டில் தரவு பாக்கெட் என்னும் சிறு துண்டுகளாகப் போகிறது; ஒவ்வொரு பாக்கெட்டும் முகவரி முதலிய தகவல்களையும் சுமப்பதால் சுமார் 5 சதவீதம் கழிந்து 11.9 ஆகும். போதாததற்கு, விண்டோஸ் 1 எம்பியை 10,00,000 பைட்டாக அல்லாமல் 1024 × 1024 = 10,48,576 பைட்டாக எண்ணும். அதனால் 11.3.

1 ஜிபி (100 கோடி பைட்) கோப்பு என்றால் 8,000 மெகாபிட்; 100-இல் அந்த 5 சதவீதம் போக மிஞ்சுவது 95; 8,000 ÷ 95 = ஏறத்தாழ 84 நொடி. வைஃபையில் இன்னும் குறைவாகக் காட்டினால், கேபிளைச் செருகி அளந்துவிட்டுப் புகார் கொடுங்கள்.