அப்பாவுக்கு அழாதவர் கேப்டனுக்கு அழுதார்

கேள்வி:

என் கணவருக்கு 54 வயது. திண்டுக்கல்லில் இருசக்கர வாகன ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். இளவயதில் விஜயகாந்த் ரசிகர் மன்றத்தில் கிளைச் செயலாளராக இருந்தவர். 2023 டிசம்பரில் கேப்டன் இறந்த செய்தி வந்ததும் கடையைப் பூட்டிவிட்டு, பழைய மன்றத்து நண்பர்களோடு வேன் பிடித்துச் சென்னைக்குப் போனார். மொட்டை அடித்துக்கொண்டு திரும்பி வந்தார். இன்றும் எங்கள் பூஜை அலமாரியில் என் மாமனார் படத்துக்குப் பக்கத்தில் கேப்டன் படம் இருக்கிறது. கடை வேலை முடிந்து வந்ததும் அதற்கு விளக்கேற்றுகிறார். சென்ற நினைவு நாளுக்கு மூன்று வட்டிக்கு 40,000 ரூபாய் வாங்கி அன்னதானம் போட்டார். கல்லூரியில் படிக்கும் மகன் அன்று கிண்டலாக ஏதோ சொல்லிவிட்டான். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சே இல்லை. என் மாமனார் இறந்தபோது இவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. இத்தனைக்கும் 2016 தேர்தலுக்குப் பிறகு கடையில் மாட்டியிருந்த கேப்டன் படத்தைக் கழற்றி வைத்தவரே இவர்தான். எனக்கு ஒன்று என்றால் இப்படி அழுவாரா என்று நினைத்தால் தூக்கம் வருவதில்லை. இவரை மனநல மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டுமா? அந்தப் படத்தை எடுக்கவைப்பது எப்படி?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கணவருக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. கடை தவறாமல் திறக்கிறது, வீட்டுக்குப் பணம் வருகிறது, விளக்கேற்றியதும் சாப்பிட உட்காருகிறார் என்றால் அவர் துக்கத்தோடு வாழப் பழகிக்கொண்டிருக்கிறார் என்றுதான் பொருள். வட்டிக் கடனும் மகனோடு பேசாமல் இருப்பதும் வேறு விஷயங்கள். அவற்றை இந்தத் துக்கத்தோடு சேர்த்துக் கட்டிவிடாதீர்கள். அவற்றுக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் உங்களை அதிகம் வாட்டுகிற கேள்வி. பெற்ற தகப்பனுக்கு அழாதவர் முன்பின் பழகாத ஒரு நடிகருக்கு ஏன் அழுதார்?

உங்கள் மாமனார் இறந்த அன்று உங்கள் கணவர் என்னவெல்லாம் செய்தார் என்று நினைத்துப் பாருங்கள். சொந்தக்காரர்களுக்குத் தகவல் சொல்லியிருப்பார். பந்தலுக்கும் நாற்காலிக்கும் ஆள் அனுப்பியிருப்பார். வெளியூரிலிருந்து வருபவர்களுக்குச் சாப்பாடு, ஐஸ் பெட்டி, மயானத்தில் கட்ட வேண்டிய பணம், யார் கோடி போடுவது என்று பங்காளிகளுக்குள் எழுகிற சிறு மனத்தாங்கல் எல்லாமே அவர் தலையில்தான் விழுந்திருக்கும். “நீயே உடைந்துவிட்டால் உன் அம்மாவை யார் பார்ப்பது?” என்று பெரியவர் ஒருவர் தோளில் தட்டியிருப்பார். கொள்ளி வைத்துவிட்டு வந்தால் பதினாறாம் நாள் காரியத்துக்குப் பட்டியல் போட வேண்டும். நம் வீடுகளில் மூத்த மகனுக்கு அழுவதற்கென்று ஒரு மணி நேரத்தைக்கூட யாரும் ஒதுக்கித் தருவதில்லை. காரியம் முடிந்து நேரம் கிடைக்கிறபோது, இனி அழுதால் ஊர் என்ன நினைக்கும் என்ற கூச்சம் வந்துவிடுகிறது.

2023 டிசம்பர் 28, 29 ஆகிய இரண்டு நாட்களில் அவரிடம் யாரும் எந்தப் பொறுப்பும் ஒப்படைக்கவில்லை. அஞ்சலிக்காகக் கேப்டனின் உடல் வைக்கப்பட்டிருந்த சென்னைத் தீவுத்திடலில் உங்கள் கணவரைச் சுற்றி நின்ற நடுத்தர வயது ஆண்கள் எல்லோருமே வாய்விட்டு அழுதுகொண்டிருந்தார்கள். ஆட்டோ ஓட்டுநர்கள், கொத்தனார்கள், லைட் தூக்கிய சினிமாத் தொழிலாளர்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து நின்றதைத் தொலைக்காட்சியில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். அங்கே அழுவதற்கு அவர் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்தக் கண்ணீரில் உங்கள் மாமனாருக்கு உரியதும் இருந்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். தகப்பனுக்கு மகன் எடுக்கிற மொட்டையை அல்லவா அவர் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்! நீங்கள் அதை மாமனாருக்கு நேர்ந்த அவமதிப்பாகப் பார்க்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

‘முன்பின் பழகாத நடிகர்’ என்று நானே எழுதிவிட்டேன். ஆனால் உங்கள் கணவருக்கு அது சரியான வர்ணனை ஆகாது. அவருக்கு 20 வயதானபோது, 1991-இல், விஜயகாந்தின் நூறாவது படமான ‘கேப்டன் பிரபாகரன்’ வெளிவந்தது. ‘கேப்டன்’ என்ற பட்டம் நிலைத்தது அந்தப் படத்தால்தான். மதுரையில் அரிசி ஆலை நடத்தியவரின் மகன், விஜயராஜ் என்ற இயற்பெயர் கொண்டவர், கறுத்த நிறம், உங்கள் ஊர்ப் பக்கத்துப் பேச்சு. ஸ்பேனரும் கிரீஸுமாக நின்ற ஓர் இளைஞனுக்குத் திரையில் தன்னைப் போலவே ஒருவர் நின்றது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை இன்று நாம் குறைத்து மதிப்பிடக் கூடாது. மன்றம் அவருக்குச் ‘செயலாளர்’ என்ற பொறுப்பைக் கொடுத்தது. ரத்ததானம், பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம், முதல் காட்சிக்கு விடிய விடியத் தோரணம் என்று பத்துப் பேரைக் கூட்டி ஒரு வேலையைச் செய்து முடிக்கிற பழக்கம் அவருக்கு அங்கேதான் வந்திருக்கும். இன்று ஒர்க்‌ஷாப்பை நடத்துகிற தைரியத்தில்கூட அதற்குப் பங்கு இருக்கலாம்.

படப்பிடிப்பில் தான் சாப்பிடுகிற சாப்பாடே கடைசித் தொழிலாளிக்கும் போக வேண்டும் என்று விஜயகாந்த் பிடிவாதமாக இருந்ததை உடன் வேலை செய்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். நடிகர் சங்கத் தலைவராக இருந்தபோது மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கலைவிழா நடத்தி, பல ஆண்டுகளாகக் கிடந்த சங்கக் கடனை அடைத்தார். உங்கள் கணவர் அன்னதானம் என்று நிற்பதன் வேர் இங்கே இருக்கிறது.

இனி உங்கள் கடிதத்தில் நான் பலமுறை படித்த வரிக்கு வருகிறேன். 2016-க்குப் பிறகு கடையிலிருந்த படத்தை அவரே கழற்றிவைத்தார் என்கிறீர்கள். அப்படியிருந்தவருக்கு இப்போது என்ன திடீர்ப் பாசம் என்பது உங்கள் கோபம். எனக்கு அந்த வரிதான் எல்லாவற்றையும் விளக்குகிறது.

2011-இல் 29 இடங்களோடு எதிர்க்கட்சித் தலைவராகச் சட்டமன்றத்துக்குள் போன விஜயகாந்த், 2016-இல் உளுந்தூர்ப்பேட்டையில் டெபாசிட்டை இழந்தார். அவர் கட்சிக்கு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. அந்த ஆண்டுகளில் அவருடைய பேச்சு குழறியதையும் மேடையில் அவர் கோபப்பட்டதையும் வெட்டி ஒட்டி ஊரே சிரித்தது. உடல்நலம் கெட்டுக்கொண்டிருந்த ஒரு மனிதரைப் பார்த்து நாம் சிரித்தோம் என்பது பலருக்குப் பிறகுதான் உறைத்தது. அவர் இறந்த அன்று, கிண்டல் செய்ததற்காக மன்னிப்புக் கேட்டு எழுதியவர்கள் ஏராளம். அரசு மரியாதையோடு அடக்கம் நடந்தது. அடுத்த மாதமே பத்மபூஷண் அறிவிக்கப்பட்டது. இவை எல்லாம் வந்தபோது வாங்கிக்கொள்ள அவர் இல்லை.

உங்கள் கணவர் அந்தக் கிண்டலில் சேர்ந்திருக்க மாட்டார். ஆனால் கடைக்கு வந்த வாடிக்கையாளர் யாராவது சுவரில் இருந்த படத்தைக் காட்டிச் சிரித்திருக்கலாம். பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், ஒரு நாள் இவர் படத்தைக் கழற்றியிருக்கலாம். எப்போதும் போற்றிய ஒருவரை இழப்பது ஒரு வலி. அவர் தாழ்ந்து கிடந்தபோது பக்கத்தில் நிற்காமல் போய்விட்டோமே என்பது அதைவிடப் பெரிய வலி. கேட்டுப் பாருங்கள், நான் சொல்வது தவறாகவும் இருக்கலாம். ஆனால் ஒருவர் கடன் வாங்கியாவது ஊருக்குச் சோறு போடுகிறார் என்றால், யாருக்கோ எதையோ திருப்பிச் செலுத்தப் பார்க்கிறார் என்றுதான் எனக்குப் படுகிறது.

இதனால்தான் மகனின் கிண்டல் அவருக்கு அவ்வளவு ஆழமாகப் பட்டது. அந்தப் பையனுக்கு 2016-இல் பத்து வயதுகூட நிரம்பியிருக்காது. அவன் கைபேசியில் பார்த்த விஜயகாந்த் வேறு, அவன் அப்பா பார்த்த விஜயகாந்த் வேறு. இதை அவனிடம் நீங்கள் சொல்லுங்கள். மன்னிப்பை மட்டும் அவனே நேரில் போய்க் கேட்கட்டும். இடையில் நின்று இருவருக்கும் தூது போகாதீர்கள். போனால் இந்த மௌனம் இன்னும் நீளும். “அப்பா, நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. உங்கள் மன்றத்துக் கதையைச் சொல்லுங்கள்” என்று அவன் கேட்டால் போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்க அவர் பேசுவார்.

கடன் விஷயத்தில் மட்டும் நீங்கள் இறங்கி வரவே கூடாது. மூன்று வட்டி என்றால் 40,000 ரூபாய்க்கு மாதம் 1,200 ரூபாய் வட்டிக்கே போகிறது. ஆண்டுக்கு 14,400. அடுத்த நினைவு நாள் வரும்போதும் அசல் அப்படியே நிற்கும். கேப்டன் தன் உழைப்பில் வந்த பணத்தில் ஊருக்குச் சோறு போட்டவர். மகனின் கல்லூரிக் கட்டணத்தைத் தள்ளிப்போட்டு யாரும் தன் பெயரில் இலை போடுவதை அவர் ஏற்றிருக்க மாட்டார். இதை உங்கள் கணவரிடம் சண்டை இல்லாத ஒரு வேளையில் சொல்லுங்கள், கேட்டுக்கொள்வார். வேனில் சென்னைக்குப் போன நண்பர்கள் ஆளுக்குக் கொஞ்சமாக மாதாமாதம் சேர்த்தால், அரசு மருத்துவமனை வாசலில் நோயாளிகளோடு காத்திருப்பவர்களுக்கு ஒரு வேளை சாம்பார் சாதம் கொடுக்கலாம். சேர்ந்த பணத்துக்கு எத்தனை பொட்டலம் வருகிறதோ அத்தனை போதும். பழைய கடன் அடையும் வரை புதிய கடன் கிடையாது என்பதில் மட்டும் உறுதியாக நில்லுங்கள்.

பெங்களூரில் நடந்த ஒன்றையும் அவரிடம் சொல்லலாம். 2021 அக்டோபரில் கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் 46 வயதில் மாரடைப்பால் இறந்தார். தானமாகப் பெறப்பட்ட அவருடைய கண்களின் கருவிழிகள் நான்கு பேருக்குப் பார்வை கொடுத்தன. அதைத் தொடர்ந்து அவருடைய ரசிகர்கள் கூட்டம் கூட்டமாகக் கண்தானத்துக்குப் பதிவு செய்தார்கள். காசு செலவில்லாமல், கடனில்லாமல் செய்யக்கூடிய அஞ்சலி அது. ரத்ததான முகாம் நடத்திப் பழகிய உங்கள் கணவருக்கு இதை எடுத்துச் செய்வது கடினமே இல்லை.

மருத்துவர் வேண்டுமா என்று கேட்டீர்கள். இப்போது வேண்டாம். ஆனால் இந்தத் துக்கத்துக்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு என்பதால் இதைச் சொல்லியாக வேண்டும். 1987-இல் எம்.ஜி.ஆர். மறைந்தபோது தமிழ்நாட்டிலும், 2006-இல் கன்னட நடிகர் ராஜ்குமார் மறைந்தபோது பெங்களூரிலும் உயிர்கள் போயின. அந்த வீடுகளில் இன்னமும் யாரோ ஒரு மனைவியோ தாயோ அதைச் சுமந்துகொண்டிருப்பார்கள். உங்கள் கணவர் கடைக்குப் போகாமல் முடங்கினாலோ, தூக்கமும் சாப்பாடும் குறைந்தாலோ, குடி கூடினாலோ, ‘இனி இருந்து என்ன’ என்பதுபோல ஒரு வார்த்தை விட்டாலோ நாள் கடத்தாதீர்கள். 104 அல்லது 14416 என்ற எண்ணில் அழைத்தால் இலவசமாக மனநல ஆலோசனை கிடைக்கும். மாவட்ட அரசு மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. தூக்கம் வருவதில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த எண்கள் உங்களுக்கும் உரியவைதான்.

படத்தை எடுக்கவைப்பது எப்படி என்ற கேள்விக்கு என் பதில், நீங்கள் எடுக்கச் சொல்லாதீர்கள். அதற்குப் பதிலாக, “இதை முன்பு இருந்த இடத்திலேயே, கடையில் மாட்டலாமே” என்று கேளுங்கள். மற்றவர் சிரிப்புக்குப் பயந்து கழற்றிய படத்தை அதே சுவரில் அவர் கையாலேயே மாட்டினால் அவர் மனத்தில் பாதி பாரம் இறங்கும். அவர் மாட்டேன் என்றால் படம் அலமாரியிலேயே இருக்கட்டும். உங்கள் மாமனாருக்கு அதனால் எந்தக் குறையும் வந்துவிடாது.

கடைசியாக, ‘எனக்கு ஒன்று என்றால் இப்படி அழுவாரா?’ கடிதத்தில் இதை ஒரு வரியில் எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள். இந்தக் கடிதத்தையே நீங்கள் இதற்காகத்தான் எழுதியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இறந்தவர் ஒருவருக்கு நாள் தவறாமல் விளக்கேற்றத் தெரிந்தவர், உயிரோடு பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை அன்பாகப் பேசுவதில்லை என்ற ஏக்கம் அதில் தெரிகிறது. அது நியாயமான ஏக்கம். அதைக் கேப்டன் மீதான கோபமாக மாற்றாமல், உள்ளபடியே அவரிடம் சொல்லுங்கள். அவர் விளக்கேற்றும்போது ஒரு நாள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, தீவுத்திடலில் எவ்வளவு நேரம் நின்றீர்கள், யாரையெல்லாம் பார்த்தீர்கள், சாப்பிட்டீர்களா என்று கேளுங்கள். மொட்டையோடு அவர் திரும்பி வந்த அன்று அந்த வீட்டில் யாரும் இதைக் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் சொல்லி முடித்த பிறகு, உங்கள் தூக்கமில்லாத இரவுகளைப் பற்றிச் சொல்லுங்கள். அவருடைய துக்கத்தை நீங்கள் கேட்டதுபோல உங்கள் துக்கத்தை அவரும் கேட்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதற்கு உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.