இருபது வருடமாக நிற்கும் பழைய பிக்கப்பைக் குடும்பத்தோடு சேர்ந்து சீரமைக்க ஆசை. எதிலிருந்து தொடங்குவது?

என்ஜினை முதலில் இறக்குவதா, பாடி வேலையும் பெயின்ட்டும் முதலில் முடிப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் இப்போது வேண்டாம். வண்டி தன் சொந்த என்ஜினில் பத்தடி நகர்ந்து, பிரேக் பிடித்து நிற்கட்டும். அதுவரை வேறு எதையும் கழற்றாதீர்கள். முழுசாகக் கழற்றிப் போட்டுவிட்டால் நாலாவது மாதத்தில் வீட்டில் யாருக்கும் ஷெட் பக்கம் போகவே மனம் வராது. குடும்பமாகச் செய்யும் வேலையில் எனக்குப் பெரிய பயம் அதுதான்.

எங்கள் வண்டி மஹிந்திரா எஃப்சி 150. என் அப்பாரு (தாத்தா) தேங்காய் லோடு அடிக்க வாங்கியது. பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் தோட்டத்துச் சாளையில் (கொட்டகையில்) 22 வருடம் நின்றிருந்தது. அமெரிக்காவில் வில்லிஸ் நிறுவனம் 1957 மாடலாகக் கொண்டுவந்த வண்டி இது. வடிவமைத்தவர் புரூக்ஸ் ஸ்டீவன்ஸ். மஹிந்திரா 1965இல் இங்கே செய்யத் தொடங்கியது. மூக்கே இல்லாமல் முகம் தட்டையாக இருக்கும். வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள தூரம், 81 அங்குலம்தான், சந்துக்குள் அப்படியே திரும்பும். என்ஜின் கேபினுக்குள்ளேயே, இரண்டு சீட்டுக்கும் நடுவில் ஒரு மூடிக்குக் கீழே இருக்கிறது. சின்ன வயதில் அந்த மூடிமேல் உட்கார்ந்து, தொடை சுட, சந்தைக்குப் போயிருக்கிறேன். அந்தச் சூடு இன்னும் நினைவில் இருக்கிறது.

ஸ்பேனர் எடுக்கும் முன் ஆர்சி புத்தகத்தை எடுங்கள். சேஸிஸ் நம்பரும் என்ஜின் நம்பரும் புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். துரு படிந்திருந்தால் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் என் மகள் செய்த முதல் வேலை அது. புத்தகம் இறந்துபோன பெரியவர் பெயரில் இருந்தால் வாரிசுச் சான்றிதழோடு படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும். தாமதமாகியிருந்தால் அபராதம் வரும்.

50 வயது தாண்டிய வண்டிகளுக்கு 2021இல் விண்டேஜ் பதிவு விதி வந்தது. நம்பர் பிளேட்டில் ‘விஏ’ என்ற எழுத்துகள் வரும். வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும் என்பதும், தினசரி ஓட்டவோ வாடகைக்கு விடவோ கூடாது என்பதும் அதில் உண்டு. ஆகவே டீசல் என்ஜின் மாற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால், அதற்கு முன் ஆர்டிஓ அலுவலகத்தில் ஒரு முறை நேரில் கேட்டுவிடுங்கள். அந்தக் காலத்து ஜீப் வகை வண்டிகள் பலவற்றில் பெட்ரோல் என்ஜினைத் தூக்கிவிட்டு மேட்டடோர் வேனின் டீசல் என்ஜினை வைத்துவிட்டார்கள். எங்களுடையது தப்பித்தது. அசல் என்ஜின் இருக்கும் வண்டியை அப்படியே காப்பாற்ற வேண்டும் என்பது என் கருத்து.

அடுத்தது, அடையாளம் குறிப்பது. நாங்கள் முதல் ஞாயிற்றுக்கிழமை ஆர்வத்தில் டேஷ்போர்டு வயர்களை ஒரே மூச்சில் பிடுங்கிவிட்டோம். எலி கடித்த வயர்தானே, எப்படியும் புதிதாகப் போட வேண்டும் என்று நினைத்தேன். எது எங்கே போனது என்று கண்டுபிடிக்க அப்புறம் இரண்டு மாதம் ஆனது. வயர் போனாலும் அது போன பாதை தெரிய வேண்டும். இப்போது எதைத் தொடும் முன்பும் மகள் நாலு கோணத்தில் படம் எடுக்கிறாள். என் மனைவி பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்களில் போல்ட்டுகளைப் போட்டு, தேதியும் இடமும் எழுதி ஒட்டுகிறார். இந்தக் குறித்து வைக்கும் பொறுப்பை வீட்டில் பொறுமைசாலி யாரோ அவரிடம் கொடுங்கள்.

போல்ட் என்றதும் ஒரு விஷயம். அமெரிக்க வழி வந்த வண்டி என்றால் போல்ட் எல்லாம் அங்குலக் கணக்கில் இருக்கும். மில்லிமீட்டர் ஸ்பேனரை மாட்டினால் சில நெருங்கி உட்காரும், திருப்பினால் முனை மழுங்கிவிடும். 7/16, 1/2, 9/16 அளவுகள் உள்ள செட் ஒன்று வாங்கிவிடுங்கள். முதல் செலவு அதுவாக இருக்கட்டும்.

இனி என்ஜின். சாவியைப் போட்டு செல்ஃப் அடித்துப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். பிளக் நான்கையும் கழற்றி, சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் ஊற்றி, மூன்று நான்கு நாள் விடுங்கள். அப்புறம் பிளக் இல்லாமலே கையால் சுற்றிப் பாருங்கள். எங்களுக்கு அது அசையவில்லை. டாப் கியரில் போட்டு, அப்பா ஸ்டியரிங்கில் உட்கார, நானும் சித்தப்பாவும் மகளும் முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டினோம். ஒன்பதாம் நாள் சாயங்காலம் ஒரு முனகலோடு சுற்றியது. அப்பா ஒன்றும் பேசவில்லை, ஸ்டியரிங்கை ஒரு தட்டுத் தட்டினார்.

அடுத்து அப்பா என் மகளைக் கூப்பிட்டு, பிளக் துளையில் கட்டை விரலை வைக்கச் சொன்னார். நான் என்ஜினைச் சுற்றினேன். “காத்து விரலைத் தள்ளுதா பாரு கண்ணு” என்றார். ஒன்று, இரண்டு, நான்கில் தள்ளியது. மூன்றாவதில் இல்லை. எங்கள் வண்டியில் இருப்பது ஹரிகேன் என்ற என்ஜின்; இதில் பெட்ரோல் கலவையை உள்ளே விடும் இன்லெட் வால்வு மேலே ஹெட்டில் இருக்கும், புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வு கீழே பிளாக்கில் இருக்கும். பல வருடம் நின்றால் கீழே உள்ளது துருவில் ஒட்டிக்கொள்ளும். பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் பார்த்தால் ஸ்பிரிங்குகள் தெரியும். மூன்றாவது வால்வு மேலே தூக்கியபடியே நின்றிருந்தது. எண்ணெய் விட்டு, தட்டி, ஒரு வாரம் பொறுமையாக வேலை செய்ததில் இறங்கியது. ஹெட்டைத் திறக்கவே இல்லை. இந்த விரல் சோதனைக்கு ஒரு ரூபாய் செலவில்லை. பதினான்கு வயதுப் பெண்ணுக்கு கம்ப்ரெஷன் என்றால் என்ன என்று இதைவிட நன்றாகச் சொல்லிக்கொடுக்க எனக்குத் தெரியாது. 1-3-4-2 என்று ஃபயரிங் ஆர்டரை, அதாவது சிலிண்டர்கள் எரியும் வரிசையை, அவளே சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறாள்.

பிளக்குக்குத் தீப்பொறி வர மின்சாரத்தை விட்டுவிட்டு வெட்டும் சிபி பாயின்ட்டை மெல்லிய எமரியால் தேய்த்து அரை மில்லிமீட்டர் இடைவெளி வைத்தோம், தீப்பொறி வந்துவிட்டது. பழைய டேங்க்கை நம்பாதீர்கள், உள்ளே பிசின் மாதிரி படிந்திருக்கும். தனி கேனிலிருந்து குழாய் போட்டு ஸ்டார்ட் செய்தோம். தீயணைப்பு சிலிண்டர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, பிள்ளைகள் வெளியே நின்றார்கள். எங்கள் வண்டியில் என்ஜின் கேபினுக்குள் இருப்பதால் பெட்ரோல் ஒழுகினால் காலடியில்தான் ஒழுகும். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் குழாயும் பம்பின் டயாஃப்ரமும் அதற்குத் தாங்காது. எத்தனாலுக்கு ஏற்றதாகப் பார்த்து மாற்றிவிடுங்கள்.

பிரேக்கில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். இந்த மாதிரி வண்டிகளில் பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் நாலு சக்கரத்துக்கும் சேர்த்து ஒன்றுதான், லைனும் ஒன்றுதான். ஒரு வீல் சிலிண்டர் ஒழுகினாலும் மொத்த பிரேக்கும் போய்விடும். மாஸ்டர் சிலிண்டர் கிட், நாலு வீல் சிலிண்டர், ரப்பர் ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றினோம். சிலவற்றைக் கோவை உக்கடத்தில் தேடி எடுத்தோம், ஒன்றிரண்டு சென்னை புதுப்பேட்டையிலிருந்து வந்தன. டிரம்முக்குள் இருக்கும் தூசியை ஊதக் கூடாது. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கும். நனைத்துத் துடையுங்கள், முகக் கவசம் போடுங்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும், அதைத் தேய்க்கும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுக்கவே வேண்டாம். ஜாக்கி போட்டுத் தூக்கியதும் இரும்பு ஸ்டாண்ட் வையுங்கள். ஹாலோ பிளாக்கை அடுக்கி அதன்மேல் நிறுத்துவதைப் பல இடங்களில் பார்க்கிறேன். அந்தக் கல் திடீரென்று நொறுங்கும். அடியில் படுத்திருப்பது உங்கள் அப்பாவாக இருக்கலாம்.

வேலையைப் பிரிப்பது பற்றியும் கேட்டிருந்தீர்கள். வாரம் மூன்று மணி நேரம், ஞாயிறு காலை மட்டும் என்று வைத்துக்கொண்டோம். ஒவ்வொரு வாரமும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒன்றாவது முடிய வேண்டும், ஒரு ஹாரன் அடித்தால்கூடப் போதும். பிள்ளைகளுக்குத் துடைக்கிற வேலையை மட்டும் கொடுத்தால் மூன்றாவது வாரம் வர மாட்டார்கள். கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவி மாட்டியது முழுக்க என் மகளும் அப்பாவும்தான். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

எங்களுக்கு இந்த நிலைக்கு வர ஏழு மாதம் ஆனது. போன மாதம் வண்டி சாளையிலிருந்து கிணற்று மேடு வரை தானாகப் போய், நின்று, ரிவர்ஸில் திரும்பி வந்தது. ஓட்டியது அப்பா. கைவண்டி மாதிரி குலுங்கியது, சைலன்சரில் ஓட்டை, பாதி வழியில் தென்னை மட்டை ஒன்று அடியில் சிக்கியது. அடுத்து பின் தொட்டியின் தரைத் தகடு. துருப்பிடித்த இடங்களை மட்டும் வெட்டி, டிங்கரிங் செய்பவரை வைத்துப் புதுத் தகடு வெல்டிங் செய்யப்போகிறோம். அதற்கு முன் டேங்க்கைக் கழற்றி வெளியே வைக்க வேண்டும், அது இந்த ஞாயிற்றுக்கிழமை வேலை.