இடக்கைக்காரன் எங்கே?

ஐயாவுக்கு வணக்கம்,

உங்கள் கடைசிச் சிறுகதை வாசித்தேன். யாழ்ப்பாணத்துப் பிரேத அறை, வாசலில் காத்திருக்கும் சனம் எல்லாம் சரி. ஆனால் சட்ட வைத்திய அதிகாரி காயங்களை எண்ணி எழுதுகிறார், உள்ளங்கை வெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார், பிறகு வாயே திறக்கவில்லை. வெட்டினவன் இடக்கைக்காரன் என்றாவது சொல்லியிருக்கலாமே? படங்களில் சொல்கிறார்களே.

ஒரு வாசகர், சுன்னாகம்

அன்புள்ள வாசகருக்கு,

படங்களில் வெட்டுப்படுகிறவர் பொம்மை மாதிரி அசையாமல் நிற்கிறார். உண்மையில் அவர் திரும்புவார், குனிவார், விழுவார். வலக்கைக்காரனும் பின்னால் நின்று வெட்டலாம், கையை மறுபக்கம் வீசியும் வெட்டலாம். காயத்தின் சாய்வை மட்டும் வைத்து எந்தக் கை என்று சொல்ல, கவனமான அதிகாரி துணியமாட்டார்.

உள்ளங்கை வெட்டு வேறு சங்கதி. பாய்ந்து வரும் கத்தியைப் பிடித்தால் உள்ளங்கையிலும் விரல்களின் உட்பக்கத்திலும் வெட்டு விழும். முகத்தை மறைக்கக் கையைத் தூக்கினால் முன்கையின் சுண்டுவிரல் பக்கம் விழும். அந்த மனிதர் உணர்வோடு இருந்து தடுத்திருக்கிறார் என்பதற்கு அது வலுவான அடையாளம். அதனால்தான் என் அதிகாரி அங்கே அவ்வளவு நேரம் நிற்கிறார். ஆனால் கையில் காயம் இல்லையென்றால் 'தெரிந்த ஆள்தான் வெட்டியிருக்கிறான்' என்று முடிவுகட்டுவது சுத்தப் பிழை. நித்திரையில் இருந்திருக்கலாம், குடிவெறியில் இருந்திருக்கலாம், யாராவது கையைப் பிடித்திருக்கலாம், முதல் அடியிலேயே சுருண்டிருக்கலாம்.

அவர் தலைக்காயத்தின் மயிரை மழித்து உற்றுப் பார்ப்பதும் சும்மா அல்ல. தலைத்தோலுக்குக் கீழே உடனே எலும்பு. பொல்லால் அடித்தாலும் வெட்டினது போல நேராகப் பிளக்கும். ஆனால் பிளவை விரித்தால் உள்ளே அறாத நார்களும் சிறு இரத்தக்குழாய்களும் குறுக்கே நிற்கும். கூரான ஆயுதம் அவற்றை விட்டுவைக்காது. பொல்லா கத்தியா என்பது வழக்கையே மாற்றக்கூடியது.

வாள்வெட்டு என்றால் நம் பத்திரிகைகளுக்கு எத்தனை வெட்டு என்பதுதான் தலைப்பு. எனக்கு அந்த எண்ணில் நம்பிக்கை இல்லை. உடம்பு நிறைய வெட்டு வாங்கியும் தப்பினவர்கள் உண்டு. நெஞ்சில் ஒரேயொரு குத்து, வெளியே அதிகம் இரத்தமில்லை, இதய உறைக்குள் தேங்கிய இரத்தம் இதயத்தை அமுக்கி ஆளை முடித்துவிடும். வயிற்றில் குத்தினால் தோல் உள்ளே அமுங்கும். ஆகவே காயத்தின் ஆழம் கத்தியின் நீளத்தைவிடக் கூடவும் இருக்கலாம். ஆழத்தை அளந்து கத்தியைத் தேடுகிற பொலிஸ்காரருக்கு இது பெரிய தலையிடி.

நீதிமன்றத்தில் சான்றுப்பொருளாகக் கத்தியை நீட்டி, "இதனால்தானா?" என்று கேட்பார்கள். "இப்படியான கத்தியால் ஏற்பட்டிருக்கலாம்" என்பார் வைத்தியர். யார், ஏன் என்பதெல்லாம் சாட்சிகளின் பாடு. என் அதிகாரியை அதற்கு மேல் பேச வைக்க எனக்கு மனமில்லை, அடுத்த கதையிலும்.