பணக்கொடை, பதிவு, பிறப்புச் சான்றிதழ்: இலங்கைத் தமிழர் முகாம் கேள்வி பதில்

அண்ணை, வீட்டில நாலு பேர். மூத்தவனுக்கு 15 வயசு, சின்னவளுக்கு 9. மாசம் எவ்வளவு பணக்கொடை வரவேணும்?

4,000 ரூபாய். முகாம் குடும்பங்களுக்கு மாதாமாதம் தரும் இந்த உதவித் தொகையைத் தமிழ்நாடு அரசு 2021-இல் உயர்த்திய கணக்குப்படி குடும்பத் தலைவருக்கு 1,500, மற்றப் பெரியவர்களுக்குத் தலா 1,000, 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு 500. மூத்தவன் 1,000 கணக்கில் வருவான். 3,500தான் கைக்கு வருகிறது என்றால் பதிவேட்டில் அவன் இன்னும் சின்னப் பிள்ளையாகவே இருக்கிறான். பிறப்புச் சான்றிதழ் நகலோடு முகாம் ஆர்.ஐ.யிடம் (வருவாய் ஆய்வாளர்) மனுக் கொடுங்கள். வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். மனுவின் நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள்.

பெயின்ட் வேலைக்கு வெளியூர் போனால் செக்கிங்குக்கு வர ஏலாது. பதிவை வெட்டிப்போடுவாங்களோ?

செக்கிங்கில், அதாவது முகாமில் ஆட்களைச் சரிபார்க்கும்போது, ஆள் இல்லாவிட்டால் முதலில் பணக்கொடை நிற்கும். இது தொடர்ந்தால் பதிவே போகலாம். போகுமுன் எழுதி அனுமதி வாங்குங்கள். வருவாய்த் துறை பதிவேடு வேறு, க்யூ பிராஞ்ச் என்ற போலீஸ் உளவுப் பிரிவின் பதிவேடு வேறு. ஒன்றில் சொல்லிவிட்டு மற்றதை விட்டுவிடுவதால்தான் பலர் மாட்டுகிறார்கள்.

எங்கட மகள் இங்கதான் பிறந்தவள், இப்ப 6 வயசு. இலங்கைப் பதிவு இன்னும் செய்யேல்லை. காலம் கடந்திட்டுதோ?

கடக்கவில்லை தங்கச்சி, ஆனால் இதற்கு மேல் தள்ளாதீர்கள். மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம். வெளிநாட்டில் பிறந்த பிள்ளை, தாயோ தகப்பனோ இலங்கையர் என்றால் வம்சாவளியால் குடியுரிமை பெறலாம். ஆனால் அது தானாக வராது, சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிய வேண்டும். ஒரு வருடம் தாண்டினால் தாமதக் கட்டணம் உண்டு.

முதலில் இந்தியப் பிறப்புச் சான்றிதழைப் பாருங்கள். பிள்ளையின் பெயர் ஏறியிருக்கிறதா? வெறும் ‘பெண் குழந்தை’ என்று இருந்தால், 15 வயதுவரை தாமதக் கட்டணம் கட்டிப் பெயர் சேர்க்கலாம். பிறகு உங்கள் இருவரின் இலங்கைப் பிறப்புச் சான்று, திருமணச் சான்று ஆகியவற்றைப் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். இலங்கைச் சான்றில் ‘சிவபாக்கியம்’, ஆஸ்பத்திரிச் சீட்டில் ‘பாக்கியம்’ என்றால் விண்ணப்பம் அங்கேயே நிற்கும். திருத்தத்தை இங்குள்ள பிறப்புப் பதிவாளரிடம் முடித்துவிட்டுத் தூதரகத்துக்குப் போங்கள்.

பிறப்பே பதியாத பிள்ளை என்றால், ஒரு வருடத்துக்குப் பின் சப் கலெக்டர் அல்லது ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) மட்டத்தில் உத்தரவு வாங்க வேண்டும்.

புது வீடு எங்களுக்கும் கிடைக்குமோ?

7,469 பழுதடைந்த வீடுகளைத் திரும்பக் கட்டுவதாக 2021-இல் அறிவித்து, முதல் கட்டத்தில் 3,510 எடுத்தார்கள். உங்கள் முகாம் எந்தக் கட்டத்தில் வருகிறது என்பதை மறுவாழ்வுத் துறை ஆணையரகத்தில் எழுதிக் கேளுங்கள்.

ஐயா, ஊருக்குத் திரும்பப் போகலாம் எண்டு நினைக்கிறம். என்ன ஒழுங்கு?

ஐ.நா. அகதிகள் அமைப்பின் சென்னை அலுவலகம் வழியாகவே போங்கள். பிள்ளைகளின் குடியுரிமைப் பதிவு, துணைத் தூதரகத்தின் பயண ஆவணம், இந்திய வெளியேற்ற அனுமதி என்ற வரிசை குலையக் கூடாது. அனுமதி கைக்கு வருமுன் சாமான் விற்காதீர்கள், முகாம் பதிவையும் விடாதீர்கள். படகில் போகவே போகாதீர்கள். 2025 மே மாதம், முறைப்படி விமானத்தில் திரும்பிய முதியவர் ஒருவரையே, முன்பு முறையான வழியில் நாட்டைவிட்டுப் போகவில்லை என்று யாழ்ப்பாணம் பலாலி விமான நிலையத்தில் கைது செய்தார்கள். அது பெரிய அநியாயம். ஊரில் ஒரு வழக்கறிஞரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

2025 செப்டம்பர் ஆணையோட இந்தியக் குடியுரிமை கிடைச்சிட்டுது எண்டு கதைக்கினம். உண்மையோ?

இல்லை. 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்தவர்கள் பாஸ்போர்ட், விசா இல்லாமல் இருப்பதற்குத் தண்டனை இல்லை என்பதுதான் இந்திய அரசின் அந்த ஆணை. நாற்பது வருடம் இங்கே வாழ்ந்த சனத்துக்கு இது போதவே போதாது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை இல்லை. ஆனால் 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். 1986-இல் ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் முகாமில் பிறந்த ஒருவருக்கு பாஸ்போர்ட் வழங்கும்படி 2022-இல் மதுரை உயர்நீதிமன்றக் கிளை உத்தரவிட்டது. உங்கள் வீட்டில் அப்படி யாரும் இருந்தால், அவருடைய பிறப்புச் சான்றிதழை இன்றே தேடி எடுங்கள்.