பைனான்ஸ் தொடங்க விரும்பும் மகனுக்கு எந்த உரிமம்?

மதிப்பிற்குரிய ஐயா,

தருமபுரியில் பி.காம். முடித்த தங்கள் மகன், நண்பர்கள் இருவருடன் பாலக்கோட்டில் பைனான்ஸ் தொடங்கப்போவதாகச் சொல்கிறார். அதற்கு லைசென்ஸ் எங்கே வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். பைனான்ஸ் என்ற தொழிலுக்கு ஒரே உரிமம் என்று எதுவும் கிடையாது. யாருடைய பணத்தை வைத்து நடத்தப்போகிறார் என்பதைப் பொறுத்தே உரிமமும் அதைத் தரும் அலுவலகமும் மாறும்.

நகை அடகுக் கடைக்கு 1943ஆம் ஆண்டுச் சட்டப்படியும், சொந்தப் பணத்தை வட்டிக்கு விட 1957ஆம் ஆண்டுச் சட்டப்படியும் வட்டாட்சியரிடம் உரிமம் பெற வேண்டும். சீட்டு நடத்த 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி முன் அனுமதி வேண்டும். சீட்டுத் தொகைக்கு ஈடாகப் பிணையமும் கட்ட வேண்டும். ரிசர்வ் வங்கியில் பதிவுபெற்ற நிதி நிறுவனம் என்றால், புதிதாகத் தொடங்குவோருக்கு நிகரச் சொந்த நிதி, அதாவது கடன் போக நிறுவனத்துக்கே சொந்தமான பணம், 10 கோடி ரூபாய் தேவை என்பதால், அதை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

என்னைக் கவலைப்பட வைத்தது, தாங்கள் அனுப்பிய அவருடைய நோட்டுப் பக்கம். ஊராரிடம் இரண்டு ரூபாய் வட்டிக்குப் பணம் வாங்கி, தக்காளி மண்டி வியாபாரிகளுக்கு 9,000 ரூபாய் கொடுத்து, தினம் 100 ரூபாயாக 100 நாள் தண்டல் வசூலிப்பதாகக் கணக்குப் போட்டிருக்கிறார். ஆண்டுக் கணக்கில் இது 75 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட வட்டி. கந்துவட்டியைத் தடுக்கும் 2003ஆம் ஆண்டுச் சட்டம் இதன்மேல் பாயும். அதைவிடப் பெரிய ஆபத்து, ஊராரிடம் பணம் வாங்குவது என்ற முதல் வரியில் இருக்கிறது. கடன் கொடுக்கும் தொழில் நடத்தும் தனிநபரோ கூட்டாளி நிறுவனமோ, உறவினர் தரும் கடனைத் தவிர, வெளியாரிடம் வைப்புத்தொகை வாங்கக் கூடாது என்கிறது ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 45எஸ் பிரிவு. முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடைசெய்யும் 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, அப்படி வாங்கினால் 2 முதல் 7 ஆண்டு வரை சிறை. தக்காளி விலை சரிந்து வண்டிக்கூலிக்கே கட்டாமல் போகும் வாரத்தில் தண்டல் நின்றுவிடும். பணம் கொடுத்த ஊராரோ மாதம் பிறந்ததும் வட்டி கேட்டுத் தங்கள் வீட்டுத் திண்ணைக்குத்தான் வருவார்கள், ஐயா.

ஆகவே பிறர் பணத்தைக் கையில் தொடாத உரிமத்திலிருந்து அவர் தொடங்கட்டும் என்பதே என் ஆலோசனை. மியூச்சுவல் ஃபண்டு விநியோகஸ்தராக என்.ஐ.எஸ்.எம். என்ற தேசியப் பங்குச்சந்தைப் பயிற்சி நிறுவனம் நடத்தும் 5-ஏ தேர்வை எழுத வேண்டும்: 100 வினாக்கள், 2 மணி நேரம், தேர்ச்சிக்கு 50 மதிப்பெண். அதன்பின் மியூச்சுவல் ஃபண்டு நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபியில் பதிவு செய்து, ஏ.ஆர்.என். எனப்படும் விநியோகஸ்தர் பதிவு எண்ணைப் பெறலாம். முதலீட்டாளரின் பணம் அவருடைய வங்கிக் கணக்கிலிருந்து நேரே ஃபண்டுக்குப் போய்விடும். தங்கள் மகனுக்கு வருவது கமிஷன் மட்டுமே. முதல் இரண்டு ஆண்டுகள் அந்த வருமானம் குடும்பம் நடத்தப் போதாது என்பதால், கூடவே ஒரு வங்கியிலோ நிதி நிறுவனக் கிளையிலோ கடன் பிரிவில் வேலை தேடச் சொல்லுங்கள். ஆனால் விநியோகஸ்தராகப் பதியும் முன், அந்த வேலையின் விதிகள் அதற்கு இடம் தருகின்றனவா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். வாராக்கடன் எப்படி உருவாகிறது என்பதைப் பிறருடைய மூலதனத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை.

தேர்வுக்குப் பதியும் முன் பான் அட்டையிலும் ஆதாரிலும் பெயர் ஒன்றுபோல் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றில் இனிஷியலும் மற்றொன்றில் தங்கள் முழுப் பெயரும் இருந்தால், அதை முதலில் திருத்திவிடுவது நல்லது.